ஜூன் மாதத்தில் ஏது மழை?

2009ஆம் ஆண்டு, பிஎச்.டி. ஆய்வின் முதல் அத்தியாயத்தை எழுதி முடித்த தெம்பில் ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி ஒரு வரைபடத்தைக் காட்டினேன். கீழ்க்கோட்டில் மழை, நிற்கும் கோட்டில் நெல் மகசூல், நடுவில் நான் போட்ட கோடு. கோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தது. மழை கூடினாலும் குறைந்தாலும் தஞ்சாவூர் வட்டார மகசூல் அசைந்து கொடுக்கவில்லை. ஆற்றுப் பாசனம் இருப்பதால் டெல்டாவை மழை பெரிதாகப் பாதிப்பதில்லை என்று நான்கு பக்கத்துக்கு விளக்கமும் எழுதியிருந்தேன்.

"இது எந்த மாச மழை?" என்றார் அப்பா.

"ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும்பா."

"ஜூன்ல நமக்கு ஏதும்மா மழை?"

அவ்வளவுதான் கேட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊர். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பள்ளிக்கூடம் போக முடியாமல் வீட்டில் கிடந்திருக்கிறேன். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். ஆனால் நான் படித்த ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டவை. அவற்றில் பருவமழை என்றால் தென்மேற்குப் பருவமழை, ஜூன் முதல் செப்டம்பர். அந்த நான்கு மாத மழையையே அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். கணக்கில் பிழையில்லை, கணினியும் குறை சொல்லவில்லை. என் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். தப்பைக் கண்டுபிடிக்க எட்டாவது வரை படித்த ஒரு விவசாயி தேவைப்பட்டார்.

காலநிலைப் பொருளாதாரத்தில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள்: என்ன படிக்க வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும், எந்த மென்பொருள் கற்க வேண்டும். மென்பொருள் எல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிடும். வராதது வேறு சில உண்டு. அவற்றைத்தான் எழுதப் பார்க்கிறேன், பெரும்பாலும் நான் சறுக்கிய இடங்களை வைத்து.

மழைக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அக்டோபர்-டிசம்பருக்கு மாற்றியதும் கோடு நிமிர்ந்தது, அத்தியாயம் பிழைத்தது. அதற்குப் பல ஆண்டு கழித்து, 2021 ஜனவரியில், பொங்கல் நேரத்தில் டெல்டாவில் மழை கொட்டியது. சம்பா அறுவடைக்கு நின்ற நேரம். கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, நெல்மணி கதிரிலேயே முளைவிட்டது. அந்த மழை என் அக்டோபர்-டிசம்பர் கணக்கிலும் வராது! நாள்காட்டியில் பருவமழை முடிந்துவிட்டது, வயலில் முடியவில்லை. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடியும் அப்படியே நடந்தது. இப்போதெல்லாம் மாதத்தை வைத்து மழையைக் கூட்டுவதை விட்டுவிட்டேன். நாற்று விட்ட நாளிலிருந்து எண்ணி, பயிர் எந்த வயதில் இருக்கும்போது எவ்வளவு பெய்தது என்று பார்க்கிறேன். சோறு வைப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. ஒரு படி தண்ணீர் என்பது உலை வைக்கும்போது ஒன்று, வடித்த பிறகு வேறு.

அப்புறம் தரவு. வெளியில் இருப்பவர்களுக்கு நாங்கள் உலகத்தின் எதிர்காலத்தைக் கணிப்பவர்கள் மாதிரித் தெரியும். என் பிஎச்.டி. காலத்தின் இரண்டு ஆண்டுகள் மாவட்ட எல்லைகளோடு மல்லுக்கட்டியதில் போயின. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1974இல் ஒரு பகுதி புதுக்கோட்டைக்குப் போனது. 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர். (பிறகு 2020இல் மயிலாடுதுறை வேறு.) ஆண்டுவாரி எண்களை வரிசையாக அடுக்கினால் 1991இல் தஞ்சாவூரின் நெல் பரப்பு திடீரென்று சரியும். விவரம் தெரியாதவர் அதைப் பார்த்து அந்த ஆண்டு பெரிய வறட்சி என்று எழுதிவிடலாம். சரியாமல் இருக்க எல்லாவற்றையும் பழைய எல்லைக்குக் கூட்டிச் சேர்க்க வேண்டும். சென்னையில் ஒரு நூலகத்தின் மாடியில், பருவம் மற்றும் பயிர் அறிக்கைகளின் மக்கிய தாள்களிலிருந்து எண்களைக் கையால் ஏற்றினேன். பதினான்கு மாத வேலை. முடித்த பிறகு ஒரு கருத்தரங்கில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் மாவட்டத் தரவை 1966ஆம் ஆண்டின் எல்லைகளுக்கே திருத்தித் தொகுத்து வருகிறதாம். டீ ஆறிப்போனது. தரவு தேடும் முன் பத்துப் பேருக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். பத்தில் ஏழு பேர் பதில் போட மாட்டார்கள், பரவாயில்லை.

அந்தப் பதினான்கு மாதமும் வீண் என்று சொல்ல மாட்டேன். எந்த எண் எந்தத் தாளில் எப்படிப் பிறந்தது என்று கை அறிந்தது. அது ஏன் முக்கியம் என்றால், 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இதுவரை வெளியேற்றிய வாயுக்களாலேயே இந்த நூற்றாண்டின் நடுவில் உலக வருமானம், காலநிலை மாறாமல் இருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட 19 சதவிகிதம் குறைவாக இருக்கும் என்ற அதன் எண்ணை மத்திய வங்கிகள்கூட எடுத்துப் பயன்படுத்தின. பிறகு மற்ற ஆய்வாளர்கள் தரவைத் தோண்டியபோது உஸ்பெகிஸ்தான் என்ற ஒரே நாட்டின் 1990களின் எண்கள் கோளாறாக இருந்ததும், அதை நீக்கினால் முடிவு கணிசமாக மாறுவதும் தெரிந்தது. 2025 டிசம்பரில் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இதைச் சொல்லிக் காலநிலை மாற்றமே பொய் என்று சிலர் கிளம்பினார்கள், அது அபத்தம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் என் பழைய கோப்புகளைத் திறந்து, ஒவ்வொரு மாவட்டமாக நீக்கி நீக்கி ஓட்டிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாணவர்களிடம் இதை இப்போது கட்டாயமாக்கியிருக்கிறேன். ஒரு மாவட்டத்தை எடுத்தால் உடைந்துவிடும் முடிவு, வெளியே போகக் கூடாது. தரவில் கை வைத்த ஒவ்வொரு இடத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறேன். ஆறு மாதம் கழித்து, ஏன் இந்த வரிசையை அழித்தோம் என்று நமக்கே ஞாபகம் இருக்காது.

இந்தத் துறைக்கு நான் வந்தது ஒரு சண்டையால். நான் எம்.ஏ. படித்தபோதுதான் பிரிட்டன் அரசு கேட்டுப் பொருளாதார அறிஞர் நிகோலஸ் ஸ்டெர்ன் தயாரித்த காலநிலை மாற்ற அறிக்கை, 2006 அக்டோபரில் வெளிவந்தது. சும்மா இருந்தால் உலகம் ஆண்டுதோறும் வருமானத்தில் குறைந்தது 5 சதவிகிதத்தை இழக்கும், தடுக்க 1 சதவிகிதம் செலவழித்தால் போதும் என்றார் அவர். வில்லியம் நார்ட்ஹாஸ் ஏற்கவில்லை. இந்தத் துறையின் முதல் பெரிய கணினி மாதிரியைக் கட்டியவர் அவர், 2018இல் நோபல் பரிசும் பெற்றார். இருவரும் மோதிய இடம் பனிப்பாறையோ கடல்மட்டமோ அல்ல, தள்ளுபடி விகிதம். (ஆடித் தள்ளுபடி இல்லை. நாளைக்கு வரப்போகும் ஒரு ரூபாயை இன்றைக்கு எவ்வளவாக மதிப்பது என்ற கணக்கு.) நூறு ஆண்டு கழித்து 100 கோடி ரூபாய்க்குச் சேதம் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெர்ன் எடுத்த 1.4 சதவிகிதத்தில் அதன் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 25 கோடி. 5 சதவிகிதம் என்று வைத்தால் 76 லட்சம். பேரன் பேத்திகளின் 100 கோடி, நம் காலத்தில் ஒரு ஃபிளாட் விலைக்கு வந்துவிடுகிறது. எம்.ஏ. வகுப்பில் கால்குலேட்டரில் இதைத் தட்டிப் பார்த்தபோது, இத்தனை பெரிய உலக விவகாரம் இந்த ஒரு எண்ணில் தொங்குகிறதே என்று திகைத்துப் போனேன். அதனால்தான் இதற்குள் வந்தேன்.

அந்த எண்ணின் உண்மையான கூர்மை எனக்குப் புரிந்தது மேலும் பன்னிரண்டு ஆண்டு கழித்து, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில். அதற்கு வருகிறேன்.

பிஎச்.டி. முடித்ததும் 2015இல் வட ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் உலகப் பேரிடர்களை ஆராயும் குழுவில் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம், பிறகு ஓராண்டு நீட்டிப்பு. அலுவலகத்தில் என் வலப்பக்கம் எரிமலைக்காரர், இடப்பக்கம் தொற்றுநோய்க்காரர், எதிரில் நீரியல் பொறியாளர். முதல் ஆறு மாதம் நாங்கள் பேசிக்கொண்டது எதுவும் எனக்கு ஒட்டவில்லை. ரிஸ்க் என்ற ஒரே சொல்லை நான்கு பேரும் நான்கு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு அது வருமானத்தின் ஏற்ற இறக்கம். நீரியல்காரருக்கு வெள்ளம் வரும் வாய்ப்பு, அதன் பாதையில் இருக்கும் வீடு, அந்த வீட்டின் பலவீனம், மூன்றையும் சேர்த்துப் பெருக்கியது. ஒரு நாள் சண்டையே வந்து, கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவரவர் அர்த்தத்தை எழுதிச் சுவரில் ஒட்டினோம். அந்தத் தாளுக்குப் பிறகுதான் கூட்டுக் கட்டுரை நகர்ந்தது. வேறு துறைக்காரரோடு எழுதப் போகிறீர்கள் என்றால், முதல் ஓராண்டில் எதுவும் அச்சேறாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அது பாதி ஆயுள்.

அங்கேதான் வாலைப் பற்றிக் கற்றேன். (நடக்க வாய்ப்பு குறைவு, நடந்தால் பெரும் சேதம் என்ற ஓரத்து நிலைமைகளை வால் என்போம்.) கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை தரும் நடு மதிப்பீடு 3 டிகிரி. பெரும்பாலும் 2.5 முதல் 4க்குள், ஆனால் 5ஐயும் எளிதில் ஒதுக்க முடியாது என்கிறது. பொருளாதார மாணவர்கள் 3ஐ எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், நானும் ஓடியவள்தான். பொருளாதார அறிஞர் மார்ட்டின் வைட்ஸ்மன் 2009இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நடுவை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள் என்றது. அந்த ஓரம் தடிமனாக இருந்தால், வழக்கமான லாப-நஷ்டக் கணக்கே கைகொடுக்காமல் போகும் என்று காட்டியது. நார்ட்ஹாஸ் மாதிரியின் 2016 பதிப்பில் 6 டிகிரி வெப்பம் கூடினால் உலக வருமானத்தில் 8.5 சதவிகிதம் போகும் என்று வரும். இதை அலுவலகத்தில் சொன்னபோது எரிமலைக்காரர் நான் தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்தார். 6 டிகிரி கூடின உலகில் என்ன பயிர் நிற்கும் என்றே அவருக்குத் தெரியவில்லை, நாங்கள் தசமப் புள்ளி வரை வைத்திருந்தோம்.

என் பங்கு வேலை அரிசி. 2008ஐ எடுத்து ஆராய்ந்தேன். அந்த ஆண்டு உலகத்தில் நெல் விளைச்சல் குறையவே இல்லை. ஆனாலும் ஜனவரியில் டன் 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி, மே மாதத்துக்குள் 1,000 டாலரைத் தொட்டது. 2007 அக்டோபரில் இந்தியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது, வியட்நாமும் தொடர்ந்தது, பிலிப்பைன்ஸ் பதறிப்போய் வாங்கிக் குவித்தது. கல்யாண வீட்டில் சாம்பார் தீரப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டால் பந்தியில் இருப்பவர் எல்லாம் இரண்டு கரண்டி வாங்குவார்களே, அதுதான். 2023 ஜூலையில் எல் நினோவால் மழை குறையும் என்ற பயத்தில் இந்தியா மறுபடியும் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, என் பழைய கட்டுரையை மூன்று பேர் கேட்டு எழுதினார்கள். முன்பு இரண்டு இதழ்கள், இது இனி நடக்காத பழைய கதை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. ஒரு மதிப்பீட்டாளர், ஆசிய அரிசி பொது வாசகருக்கு ஆர்வமூட்டாது என்றும் எழுதியிருந்தார். உலகத்தில் பாதிப் பேர் சாப்பிடுவது! அந்த வரியை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். நிராகரிப்புக் கடிதம் வந்தால் அன்றைக்குப் படிக்காதீர்கள். இரண்டு நாள் விட்டு, சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

ஒப்பந்த வாழ்க்கையைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் சுருக்கமாக: பணம் போதுமானது, காலம் போதாது. முதலாண்டு ஊர் பழக, இரண்டாமாண்டு அடுத்த வேலை தேட. விசாவும் அந்த ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டது. குழந்தை பெற்றுக்கொள்வதை இரண்டு முறை தள்ளிப்போட்டேன், அது சரியான முடிவா என்று இன்றைக்கும் தெரியாது. நேர்முகத் தேர்வில், இங்கே முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

2018இல் சென்னைக்கு ஆசிரியர் வேலைக்குத் திரும்பினேன். நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு சிறு குழுவோடு பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் சேதக் கணக்கெடுப்புக்குப் போனேன். தோப்புகள் சீவித் தள்ளியதுபோலக் கிடந்தன. நாட்டின் ஜி.டி.பி.யில் இந்தச் சேதம் சரியாகத் தெரியாது. விழுந்த மரத்தை அறுத்து அகற்றக் கொடுக்கும் கூலிகூட அதில் வருமானமாக ஏறும். விழுந்த மரம் எங்கும் கழியாது. தென்னை என்பது ஓர் ஆண்டு மகசூல் இல்லை, நாற்பது ஐம்பது ஆண்டுக்கான முதல். மறுபடி வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு.

அரசு நிவாரணம் அப்போது மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள், வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து. ஒரு பெரியவர் கேட்டார்: "படிச்சவங்க நீங்களே சொல்லுங்க, ஒரு மரம் என்ன பெறும்?" நான் உற்சாகமாக நோட்டை எடுத்தேன். என் பாடமே அதுதானே. செலவு போக மரம் ஆண்டுக்கு 500 ரூபாய் தரும், இன்னும் நாற்பது ஆண்டு தரும். 5 சதவிகிதத்தில் இன்றைய மதிப்பு சுமார் 8,600 ரூபாய். அவர் எட்டிப் பார்த்தார். "அஞ்சு சதவிகிதமா? எனக்கு யாரு அஞ்சு சதவிகிதத்துக்குத் தர்றா? ரெண்டு வட்டிக்கு வாங்கித்தான் மோட்டாரே போட்டேன்."

ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு, ஆண்டுக்கு 24 சதவிகிதம். அதைப் போட்டால் அதே மரம் சுமார் 2,080 ரூபாய். அவர் தோப்பில் கூலிக்கு வருபவர் அஞ்சு வட்டிக்கு வாங்குகிறார், ஆண்டுக்கு 60. அந்தக் கூலிக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் மரம் 830 ரூபாய். மரம் ஒன்று, காய் ஒன்று, நிலம் ஒன்று. கடன் வாங்க வேண்டிய இடத்தில் இருப்பவனுக்கு எதிர்காலம் மலிவாகிவிடுகிறது. ஸ்டெர்னும் நார்ட்ஹாஸும் சண்டை போட்டது உலகத்துக்கே பொதுவாக ஓர் எண்ணுக்காக. இந்த வரப்பில் மூன்று எண்கள் நின்றுகொண்டிருந்தன. 1,100 ரூபாய் குறைவு என்று கோபப்பட்டவரும், வாங்கிக்கொண்டு பேசாமல் போனவரும் இருவருமே சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் ஒரே விகிதத்தை வைத்து முடிவு சொன்னதில்லை.

அதே பயணத்தில் இன்னொன்று. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரம் மொய் விருந்துக்குப் பேர் போனது. ஆடி மாதத்தில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் நோட்டு எழுதுவார்கள். இன்றைக்கு எனக்கு நீங்கள் செய்தால் அடுத்து உங்கள் முறை வரும்போது நான் கூட்டிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன், சேமிப்பு, காப்பீடு எல்லாம் ஒரே நோட்டில். உள்ளூர்க்காரர்களே உண்டாக்கி நடத்தும் ஏற்பாடு, அவர்கள் எழுதும் கணக்கைப் பார்த்தால் வங்கிக்காரர் வெட்கப்படுவார். அது ஓடுவதற்கு ஒரே நிபந்தனைதான்: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடி விழக் கூடாது. ஒருவன் போர்வெல் வறண்டால் இன்னொருவன் தேங்காய் விற்றிருப்பான், அவன் இவனுக்குச் செய்வான். கஜா ஓர் இரவில் நோட்டில் இருந்த பெயர்கள் அத்தனையின் தோப்பையும் சாய்த்துவிட்டது. அடுத்த ஆண்டு விருந்து வைத்த ஒருவர் சொன்னார்: "வந்தாங்க, சாப்ட்டாங்க. குடுக்க அவங்ககிட்டயும் இல்ல, கேக்க எனக்கும் வாய் வரல."

ஜெர்மனியில் மூன்று ஆண்டு நான் சமன்பாட்டில் எழுதிக்கொண்டிருந்தது இதுதான். காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் புளோரிடாவின் புயலையும் ஜப்பானின் நிலநடுக்கத்தையும் ஒரே பையில் போட்டு வைப்பது, இரண்டும் ஒரே ஆண்டில் வராது என்ற தைரியத்தில். உலகுக்குத் தானியம் தரும் பல வட்டாரங்களில் ஒரே பருவத்தில் விளைச்சல் பொய்த்தால் உலகச் சந்தை என்பதும் அந்த ஆடி மாதப் பந்தல்தான். இப்போது வகுப்பில் இந்தப் பாடத்தை மொய் நோட்டில் தொடங்குகிறேன். சமன்பாடு இரண்டாவது வாரம் வரும்.

தொலைக்காட்சி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீரில் நின்ற மூன்றாம் நாள், ஒரு சேனலிலிருந்து அழைத்தார்கள். மொத்தச் சேதம் எத்தனை கோடி? பழைய வெள்ளங்களை வைத்து ஒரு கீழ் எல்லையும் அதைப்போல நான்கு மடங்கு மேல் எல்லையும் சொன்னேன், இன்னும் யாரும் கணக்கெடுக்கவில்லை என்றும் இரண்டு முறை சொன்னேன். மாலையில் திரையின் அடியில் என் பெயரோடு மேல் எல்லை மட்டும் ஓடியது. மறுநாள் வேறோர் இடத்தில் அது அதிகாரபூர்வ மதிப்பீடாக மாறியிருந்தது. திருத்தம் கேட்டேன், வரவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பத்து நொடியில் எண் கேட்பவரிடம் எண் கொடுத்தது நான். அதே மாதம் 18ஆம் தேதி காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது, அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். மறுபடி அழைத்தார்கள். இந்த முறை கோடிக்கணக்கு சொல்லவில்லை. உப்பளம், வாழை, கால்நடை, எது திரும்ப எத்தனை மாதமாகும் என்று சொன்னேன். ஒளிபரப்பவில்லை. சரி, போகட்டும்.

கடந்த சில ஆண்டுகளாக என் வேலை பயிர்க் காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு கிராமத்தின் உத்தரவாத மகசூலை, கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியிலிருந்து கணக்கிடுகிறார்கள். அதில் 80 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு மகசூல் அதற்குக் கீழே போனால், குறைந்த விகிதத்துக்கு ஏற்ப இழப்பீடு. மோசமான இரண்டு ஆண்டுகளை விட்டுவிடுவது விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் மூன்றாவது மோசமான ஆண்டு வந்தால்? ஏக்கருக்கு நல்ல ஆண்டுகளின் சராசரி 2,400 கிலோ என்றால் உத்தரவாதம் 1,920. இந்த ஆண்டு 1,800 விளைந்தால் சிறிதாவது இழப்பீடு உண்டு. அந்த ஐந்தில் ஒரு 2,350 போய் அதன் இடத்தில் 1,100 வந்து உட்கார்ந்தால் சராசரி 2,150 ஆகி, உத்தரவாதம் 1,720க்கு இறங்கும். அதே 1,800க்கு இப்போது ஒரு பைசா கிடையாது. ஆபத்து கூடக் கூடக் குடை சுருங்குகிறது. ஊரில் இதைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. இன்சூரன்ஸ் முன்ன மாதிரி வரலை என்று அவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள், காரணம் மட்டும் வேறு வேறாகச் சொன்னார்கள்.

அந்த மகசூல் எண் பிறக்கும் இடம் பயிர் அறுவடைப் பரிசோதனை. பட்டியலிலிருந்து குலுக்கலில் ஒரு வயல், அதன் தென்மேற்கு மூலையிலிருந்து குலுக்கலில் வந்த எண்ணுக்கு நீளவாக்கில் இத்தனை காலடி, அகலவாக்கில் இத்தனை காலடி நடந்து, அங்கே ஐந்துக்கு ஐந்து மீட்டரில் முளையடித்துக் கயிறு கட்டுவார்கள். உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு இதைப்போல 400 கட்டம். எடையில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகும், அது கிராமத்தின் சராசரியிலும் போய் ஏறும். கயிறு ஓரத்துக் குத்து உள்ளேயா வெளியேயா என்று இரண்டு பேர் குனிந்து நின்று வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். தார்ப்பாயில் ஒட்டிக்கொண்ட நெல்லை ஒரு பாட்டி துடைப்பத்தால் கூட்டிச் சேர்த்ததையும்.

என்னிடம் பிஎச்.டி.க்கு வருபவர்கள் முதல் தை மாதத்தில் இப்படி ஒரு பரிசோதனையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அதற்கு முன் கணினியைத் திறக்க விடுவதில்லை. போன முறை ஒரு மாணவி நீடாமங்கலம் பக்கத்திலிருந்து கைபேசியில் அழைத்தாள். குலுக்கலில் வந்த கட்டம் வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்திருந்தது. கணுக்கால் வரை தண்ணீர், பயிர் பாதி சாய்ந்து கிடந்தது. கூட இருந்தவர்களில் ஒருவர், கயிற்றை நாலடி தள்ளிக் கட்டினால் எல்லோருக்கும் வேலை சுலபம், அங்கே பயிர் நன்றாக நிற்கிறது என்றாராம்.

"என்ன பண்ணட்டும் மேடம்? ரொம்ப வற்புறுத்துறாங்க. அங்க இறங்கினா சேறு வேற."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கச் சொன்னேன்.